தேசம்மா அண்ணியும் எங்கள் வீட்டுப் பாடும்

நெல் அளக்கும் இடத்தில்தான் எனக்குச் செய்தி வந்தது. ஏரிக்கு மேற்கே நெல் விளையும் ஊரொன்றின் களத்தில், கருவாட்டுக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கார அம்மாளிடம் இன்னும் ஒரு படி போடும்படி மன்றாடிக்கொண்டிருந்தேன். வரப்பின்மேல் ஓட்டமும் நடையுமாக ஒருவர் வந்தார். தோணிரேவுக்காரர், எனக்குப் பழக்கமானவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாகப்பா, உங்க அண்ணி பூட்டாங்கபா" என்றார்.

"எங்க பூட்டாங்க?" என்று கேட்டேன்.

அவர் என் தோளில் கையை வைத்தார். அப்போதுதான் உறைத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அதற்குப் பிறகும் அந்த ஒரு படியை நான் விடவில்லை. வாங்கி மூட்டையில் கொட்டிக் கட்டிய பிறகுதான் கிளம்பினேன். குறைவாகக் கொண்டுபோய் நின்றால் அண்ணி என்ன கேட்பாரோ என்ற பயம், அவர் இனிக் கேட்கமாட்டார் என்று தெரிந்த பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. வழி நெடுக அழுதேன். நெல் மூட்டை வேறு முதுகை அழுத்தியது.

நம் கோட்டைக்குப்பத்துக்காரர்களுக்கு அண்ணியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஓலை கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போகும் என்பதால் சொல்லிவிடுகிறேன். தேசம்மா பசியாவரத்தில் பிறந்தவர். இரண்டு பெண்களுக்குத் தாய். டச்சுக்காரர் என்கிற உலாந்தாக்காரர் கோட்டையில், கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கு ஏற்றும் சலங்குப் படகுகளுக்குத் தலைவனாக, தண்டலாக இருந்த எல்லப்பனின் மனைவி. எல்லப்பன் என் அண்ணன். அந்தப் படகுகளில் ஏறும் துணிக்கட்டுகளை ஓலையில் குறித்துவந்தவன் நான். பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் அண்ணன் வீட்டுச் சோற்றில் வளர்ந்த உடம்பு. "எங்க நாகப்பன் ஓலக்கட்டுக்குத் தாலி கட்டிக் குடித்தனம் பண்றான், அதுக்கு நான் மாமியாரு" என்று அண்ணி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். எழுத்து தெரிந்தவர்கள் இதைத் தெரியாதவர்களுக்கும் வாசித்துச் சொல்லுங்கள்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். நம் ஏரியில் யாரும் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. எந்த வீடு எந்த இடத்தில் எந்தெந்த நாள் என்று மாசி மாதத்தில் குலுக்கல் போட்டு முறை பிரித்துக்கொள்கிறோம். அதுதான் பாடு. பேர் இருந்தால் ஏரி உண்டு, இல்லையென்றால் இல்லை. ஊருக்குப் பேர் எழுதுகிறவன் நான். கோட்டையில் மாதப் பணம் வர ஆரம்பித்த மூன்றாம் வருடம், குலுக்கலுக்கு முன்னால் ஊர்ப் பெரியதனக்காரர் "உங்க வூட்டுப் பாடு?" என்று கேட்டார். அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எங்களுக்கு எதுக்கு? வேற யாருனா துன்னட்டும். பேர அட்ச்சுடு நாகப்பா" என்றார். தாராள மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் பெருமையாக எழுத்தாணியை எடுத்து, எங்கள் வீட்டுப் பேரின்மேல் ஒரு கோடு இழுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி, "அட்ச்சுட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "கோட்ட இன்னா, உங்க நைனா கட்னதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது பெரியவள்தான். அண்ணி எங்கள் பக்கமே வரவில்லை.

அடித்த பேரை மறுபடி எழுதுவதற்கு ஊரில் ஒரே வழிதான். வீட்டு ஆண் பிள்ளை, சொந்த வலையோடு, தீட்டில்லாமல், மாசிக் குலுக்கலன்று சபைக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும். அன்று தவறினால் அடுத்த மாசிதான். இது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் வேலை போயிற்று. முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டே வந்ததும், கோட்டையின் பெரிய வியாபாரமெல்லாம் தெற்கே நாகப்பட்டினத்துக்குப் போனதும் நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அது நம் தலையில் வந்து விழும் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைக்கவே இல்லை. மற்றவன் வீட்டில்தான் மழை ஒழுகும் என்று இருந்தோம். ஒரு காலை, கோட்டைக்காரர் பேச்சை நமக்குத் தமிழில் சொல்லும் துபாஷி வந்து, நாளையிலிருந்து படகுகள் வேண்டாம் என்று வாசித்தார். அவ்வளவுதான். அண்ணன் "எத்தினி நாளைக்கு சாமி?" என்று கேட்டார். துபாஷி ஓலையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அடுப்பில் இருந்த உலையைப் பார்த்தார். "இன்னிக்குப் போட்டாச்சு. இன்னிக்கித் துன்னுங்க" என்றார். மறுநாள் காலையில் வீட்டிலிருந்த சட்டி பானை எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். நெல், கேழ்வரகு, புளி, உப்பு, கருவாடு, விளக்கெண்ணெய் எல்லாம் வரிசையாக வந்தன. நான் வழக்கப்படி எழுத்தாணியைத் தூக்கிக்கொண்டு, மிச்சப் பணம் எவ்வளவு என்று கேட்டேன். "எவ்ளோ கீதுனு கேக்காத. எத்தினி நாளு கீதுனு கேளு" என்றார். ஒவ்வொரு பானையிலும் கையை விட்டுப் பார்த்து நாள் சொன்னார். நெல் இருபது நாள், கேழ்வரகு நாற்பது, எண்ணெய் பத்து. பிறகு நாளை நீட்டத் தொடங்கினார். நெல் பெண்கள் இரண்டு பேருக்கு மட்டும், அதுவும் ஒருவேளை. மற்றவர்களுக்குக் கூழ். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டால் விளக்கு வேண்டாம். அண்ணனுக்கு வெற்றிலை கிடையாது. அண்ணன் அதற்குத்தான் முதலில் கத்தினார். வேலை போனதற்குக்கூட அவ்வளவு கத்தவில்லை.

பித்தளைத் தவலையை விற்றபோது நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மானம் போகிறது, துணியில் சுற்றி எடுத்துப்போகலாம் என்றார் அண்ணன். அண்ணி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், கடைத்தெரு நடுவே போனார். "ஒளிச்சிகினு போனா இவுளுக்குப் பணமுடைன்னு தெரிஞ்சிடும். பாதி வெலதான் குடுப்பான்" என்று என்னிடம் சொன்னார். கடைக்காரர் தவலையைத் தட்டிப் பார்த்து, "இன்னாமா, தண்டல் வூட்ல பேஜாரா?" என்று கேட்டார். "பேஜாரும் இல்ல ஒண்ணும் இல்ல. பெருசா வாங்கப் போறேன், இத்த எடுத்துக்கினு ஜல்தியா வெல சொல்லு" என்றார் அண்ணி. முழு விலைக்கே விற்றார். திரும்பி வரும் வழியில் உப்பளத்து ஓரமாக ஒதுங்கி நின்று அழுதார். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்பதுதான் அந்த மாதங்களில் எனக்கு வேலை. காலையில் எழுந்து கோட்டை வாசலுக்குப் போவேன். யாருக்காவது ஓலை எழுத வேண்டியிருக்கும் என்று உட்கார்ந்திருப்பேன். எழுத ஆள் வராது. வந்தாலும் என்னைப் போலவே வேலை போனவர்களாக இருப்பார்கள், அவர்களிடம் என்ன கூலி கேட்பது? வெறுங்கையோடு வீட்டுக்கு வருவேன். "குந்திட்டு வந்தியா? சரி, கூழ் கீது பாரு" என்பார் அண்ணி. ஒரு நாள்கூட ஒரு சொல் கடிந்ததில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் அண்ணன் கப்பல் பேச்சை எடுத்தார். கடலுக்கு அப்பால் பத்தாவியா போகும் கப்பலுக்குக் கூலியாட்கள் எடுக்கிறார்கள், பேர் கொடுத்தால் கையில் முன்பணம் தருவார்கள், குடும்பம் ஒரு வருடம் சாப்பிடலாம் என்றார். கூழ் கிண்டிக்கொண்டிருந்த அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்தக் கப்பல்ல ஏறுனவன் எவன் திரும்பி வந்தான்? ஒரு பேரு சொல்லு."

அண்ணன் விரல் மடக்கப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஒரு பேரும் வரவில்லை.

"மாசி வரிக்கும் பொறு. வல நான் பாத்துக்கறேன். குலுக்கல்ல போய் நில்லு. பாடு வந்தா நீ போவக் கூடாது."

"வரலன்னா?"

"வரலன்னா நீ போ. நான் தடுக்கல."

பெண்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவள், "நைனா, நீ போவாத" என்று காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் அவள் தலைமேல் கை வைத்து, மாசி வரை பேர் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே மாசியைப் பார்த்துத்தான் நடந்தது.

வலைக்கு நூல் வேண்டும். எங்கள் பழைய வலை பரணில் எலி தின்று கிடந்தது. நூல் வாங்க அண்ணி போன இடம்தான் உங்களுக்கெல்லாம் பேச்சுக்கு விஷயமாயிற்று. ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களோடு போய் இறங்கினார். கதியற்றவர்கள் செய்கிற வேலை அது என்பது நம் நினைப்பு. அதற்கு மட்டும் பாடு தேவையில்லை. தண்டல் பெண்டாட்டி சேற்றில் நிற்பதைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடியது. கூடியவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். பேர் எழுதப் போவதில்லை. நானும் ஒருவன்.

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. "எம் பொண்டாட்டி பறி கட்சிகினு நிக்கிறத ஊரே பாக்குது" என்றார். அண்ணி உள்ளங்கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏரியில பாடு இல்லன்னா வூட்ல இந்தப் பாடுதான். பாத்தவன் எவனாவது நூலு வாங்கித் தரானா கேளு, நான் கரைல குந்திக்கறேன்." இறால் விற்ற காசில் ஒரு பங்கு கேழ்வரகுக்கு, ஒரு பங்கு நூலுக்கு. நூல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் வலை பின்னினார். ஆனால் பின்னினார். தை பிறந்தபோது வலை பாதிக்கு மேல் ஆகியிருந்தது, அண்ணன் மறுபடி சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தார்.

மாசிக் குலுக்கலுக்கு இருபது நாளுக்கு முன்னால் அண்ணி கையில் கெளுத்தி முள் ஏறியது. சேற்றுக்குள் இறால் என்று நினைத்துப் பிடித்தது மீனின் முள்ளை. "சின்ன முள்ளு" என்றார். மறுநாளும் இறங்கினார், அதற்கு மறுநாளும் இறங்கினார். வலையில் இன்னும் நான்கு முழத்துக்கு நூல் குறைந்தது. போகாதே என்று நான் சொன்னேன். வலுவாகச் சொன்னேனா என்று இப்போது என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். நூல் எனக்கும் வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. கை மணிக்கட்டு வரை வீங்கிய பிறகுதான் வைத்தியரைக் கூப்பிட்டோம். அவர் பச்சிலை வைத்துக் கட்டினார். முன்னாலேயே கூப்பிட்டிருக்க வேண்டும் என்றார். எல்லா வைத்தியரும் சொல்கிறதுதான், ஆனால் இந்தத் தடவை அது உண்மையாகிவிட்டது.

குலுக்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, கருவாட்டை எடுத்துப் போய் நெல் மாற்றி வரும்படி என்னை அனுப்பினார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. கிட்டே கூப்பிட்டார்.

"நாகப்பா, நான் பூட்டா மூணாம் நாளே காரியத்த முட்ச்சுடு."

"இன்னா பேச்சு அண்ணி இது? வாய மூடு."

"பதினாறு வச்சா தீட்டுல குலுக்கல் பூடும். உங்க அண்ணன் வாயத் தொறந்து கேக்கமாட்டான். நீ பெரியதனக்காரர் கிட்ட கேளு. நீ எழுதறவன், உனக்குப் பேச வரும்."

நான் சிரித்து மழுப்பினேன். நாலு நாளில் எழுந்து உட்காருவாய், என்னை விரட்டுவாய் என்றேன். "சரி, போய் ஒரு படி கூடக் கேட்டு வாங்கினு வா" என்றார். நான் அவர் வாயிலிருந்து கேட்ட கடைசிச் சொல் அது. மறுநாள் காலையில்தான் நெல் களத்தில் அந்தத் தோணிரேவுக்காரரைப் பார்த்தேன்.

கணவன் இருக்கப் பூவும் பொட்டுமாகப் போகிறவளை நாம் எப்படி அனுப்புவோம்! மஞ்சள் பூசி, புதுச் சேலை சாத்தி, பதினாறு நாளும் விளக்கு வைத்து, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு அனுப்புவோம். மூன்றாம் நாள் காரியம் என்பது பச்சைக் குழந்தைக்கும், கேட்க நாதியில்லாதவர்களுக்கும் செய்வது. நான் போய்ச் சேர்ந்தபோது ஊர்ப் பெண்கள் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் நாளுக்கு யார் வீட்டில் அரிசி வாங்குவது என்று பேச்சு நடந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்று, பெரியதனக்காரரிடம், மூன்றாம் நாளே முடித்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன்.

அண்ணன் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். "எம் பொண்டாட்டி அநாதப் பொணமாடா?" என்றார். மறுபடியும் அறைந்தார். நான் கையைக்கூடத் தூக்கவில்லை. அவர் கேட்டது நியாயம், அண்ணி கேட்டதும் நியாயம். நடுவில் அகப்பட்டுக்கொண்ட நான் என்ன செய்வேன்?

பெரியதனக்காரர் அண்ணனைப் பிடித்து உட்காரவைத்தார். "இது யாரு சொன்ன பேச்சு?" என்று என்னைக் கேட்டார். அண்ணி சொன்னது என்றேன். "சாட்சி?" என்றார். எனக்கு ஏது சாட்சி?

அப்போது பெரியவள், தாயின் காலடியில் உட்கார்ந்திருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எங்கிட்டயும் சொல்ச்சு. சித்தப்பன் மறந்தா நீ சொல்லுனு சொல்ச்சு." பெரியதனக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். துண்டை எடுக்காமலே, "எங்கிட்டதான் மொதல்ல சொன்னா" என்றார். "மாட்டேன்னுட்டேன்."

ஒருவர் தவறினால் இன்னொருவர் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருக்கிறார். எங்களை எவ்வளவு சரியாக எடை போட்டிருந்தார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் முடித்தோம். பத்துப் பேருக்குக் கூழ் ஊற்றினோம். அண்ணன் ஏரியில் தலை முழுகி வந்தார். குலுக்கலன்று, அண்ணி வாங்கித் தந்த கடைசி நூலில் முடித்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சபைக்கு முன்னால் நின்றார். ஒருவர் மட்டும், இது முறையா என்று ஆரம்பித்தார். "எழுது" என்றார் பெரியதனக்காரர். எங்கள் வீட்டுப் பேரை எழுதினேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ எழுதியிருக்கிறேன், அந்த ஒரு பேரை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. இரண்டு தரம் ஓலை கிழிந்தது. பாடு கிடைத்தது. நல்ல இடம் என்று சொல்ல முடியாது, வடக்கே ஆழமில்லாத இடம். ஆனால் ஏரிதான். கப்பல் போய்விட்டது, அண்ணன் போகவில்லை.

இன்று எங்கள் முறை வந்த முதல் நாள். அண்ணன் விடியும்போதே தோணியில் போய்விட்டார். பெண்கள் இரண்டு பேரும் கரையில் கூடையோடு காத்திருக்கிறார்கள். இன்றுதான் பதினாறாம் நாள் என்று அவர்களுக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தீட்டுக் கழிந்த வீட்டில் அழுதால் வலைக்கு ஆகாது என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அதனால்தான் அழாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணியுடையது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. எல்லாவற்றையும் அவரே விற்றுவிட்டார். அவருக்காக அழவேண்டிய பதினாறு நாளில் மூன்றுதான் கொடுத்தோம். மீதிப் பதின்மூன்று நாள் என்னிடம் இருக்கிறது. அதை எங்கே, யாரிடம், எப்படிக் கொடுத்துத் தீர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. வைத்துக்கொண்டிருக்கிறேன்.